எந்த இலவச அன்டிவைரஸ் நல்லது என்று கேட்கும் முன்

"அண்ணா, ஃப்ரீயாக் கிடைக்கிறதில எந்த அன்டிவைரஸ் நல்லம்?" வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகப் போய்க் கணினி திருத்துகிற எனக்கு, பிளேன்டீக்கு அடுத்தபடியாக எந்த வீட்டிலும் கிடைப்பது இந்தக் கேள்விதான்.

அவசரக்காரருக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வின்டோஸ் 10 அல்லது 11 உள்ள, இணைய இணைப்பு எப்போதும் இருக்கிற வீட்டுக் கணினிக்கு, அதனுடனேயே வருகிற டிஃபென்டர் போதும். வேறு ஒன்றைத் தேடி இறக்கத் தேவையில்லை. ஆனால் அந்த டிஃபென்டர் உங்கள் கணினியில் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஒருதடவை பார்க்க வேண்டும். நான் எழுத உட்கார்ந்ததே இந்த 'ஆனால்' காரணமாகத்தான்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஓர் அன்ரி கூப்பிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை. வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு கதைக்க என்று செகண்ட்ஹேன்ட் லெப்டொப் ஒன்றை ஒரு கடையில் வாங்கியிருந்தார். பிரவுசரைத் திறந்தால் கேட்காத பக்கங்கள் எல்லாம் வந்தன. காற்றாடி ஓயாமல் இரைந்தது. திரையின் கீழ் மூலையில் டிஃபென்டரின் கேடயமோ பச்சைச் சரி அடையாளத்தோடு அமைதியாக இருந்தது.

"எல்லாம் பச்சையாத்தானே தம்பி இருக்கு, பிறகேன் இப்பிடிச் செய்யுது?"

இப்படியான இடத்தில் நான் செய்கிற சின்னச் சோதனை ஒன்று உண்டு. ஐகார் என்று ஒரு பரிசோதனை வரி இருக்கிறது. 68 எழுத்துகள்தான். அது வைரஸ் இல்லை, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோலச் சத்தம் போட வேண்டும் என்று அன்டிவைரஸ் நிறுவனங்கள் எல்லாம் தங்களுக்குள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வரியை நோட்பேடில் ஒட்டி, டெஸ்க்டொப்பில் சேமித்தேன். ஒரு சத்தமும் இல்லை. கேடயம் பச்சையாகவே இருந்தது.

சரி என்று 'வின்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, 'வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன்', அதற்குள் 'மனேஜ் செட்டிங்ஸ்', அதன் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று போனேன். இதைப் பார்க்காதே என்று டிஃபென்டருக்குச் சொல்லி வைக்கும் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கணினியில் வெறுமையாக இருக்க வேண்டும். இங்கே ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ். ஒரு ஃபோல்டர் இல்லை, ஒரு ஃபைல் இல்லை, சி டிரைவ் முழுவதும். காவலுக்கு ஆளை நிறுத்திவிட்டு, வீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார் என்று சொன்ன கதை.

அந்த வரியை நீக்கிவிட்டு அதே 68 எழுத்தை மறுபடி சேமித்தேன். மூச்சு விடும் முன்னர் வலது மூலையில் எச்சரிக்கை குதித்தது. அதன்பிறகு 'டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன்' ஓடவிட்டேன். இது கணினியை ரீஸ்டார்ட் செய்து, வின்டோஸ் எழும்ப முன்னரே தேடும். ஒளிந்திருப்பவை ஓட வழியில்லை. கால் மணி நேர வேலை. அன்ரி இரண்டாவது பிளேன்டீ ஊற்றி முடிப்பதற்குள் ஏழு பெயர்கள் பிடிபட்டன.

அந்த வரியை யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள்? இதில் மர்மம் ஒன்றும் இல்லை. உரிமம் வாங்காமல் வின்டோஸையும் ஒஃபிஸையும் உயிர்ப்பிக்க 'அக்டிவேட்டர்' என்று ஒன்றை ஓட்டுவார்கள். டிஃபென்டர் அதைக் கண்டதும் பிடிக்கும். பிடித்தால் விற்ற கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவார். ஆகவே டிஃபென்டரின் கண்ணைக் கட்டிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. சில அக்டிவேட்டர்கள் இந்த வரியைத் தாங்களாகவே எழுதிவிடும், கடைக்காரருக்கே தெரியாமல். நான் திறந்து பார்க்கும் பழைய லெப்டொப்களில் இதைக் காண்பது அபூர்வம் இல்லை. இதை வாசிக்கிறவர்கள் அந்தப் பட்டியலை இப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு நிமிடம் போகாது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம்.

டிஃபென்டர் என்றதும் முகம் சுளிப்பவர்கள் பழைய ஆக்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மைக்ரோசொஃப்ட் 2009ல் 'செக்யூரிட்டி எசென்ஷல்ஸ்' என்று இலவசமாக வெளியிட்டது. 2012ல் வின்டோஸ் 8 வந்தபோது அதுவே டிஃபென்டர் என்ற பெயரில் உள்ளேயே வந்தது. ஜெர்மனியின் மக்டபேர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம் பாதுகாப்பு, வேகம், தொல்லையின்மை என்று மூன்றுக்கும் தலா ஆறு புள்ளி வரை கொடுக்கும். 2014 வாக்கில் மைக்ரோசொஃப்டின் சரக்கு பாதுகாப்பில் 6க்கு 0 வாங்கிய காலம் உண்டு. அண்மைய வருடங்களில் அதே கூடத்தில் டிஃபென்டர் பெரும்பாலும் 18க்கு 18, அல்லது அதற்கு மிகக் கிட்ட. பத்து வருடத்துக்கு முந்திய புத்திமதியை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது என் தொழிலில் உள்ளவர்களின் குறை.

டிஃபென்டருக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சந்தேகமான ஃபைல் கிடைத்தால் அது மைக்ரோசொஃப்டின் சேர்வரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கும். இணைப்பு இல்லாத நேரத்தில் அதன் பிடி தளர்கிறது. ஒஸ்திரியாவின் ஏவி-கம்பரேட்டிவ்ஸ் சோதனைகளில் இணைப்பைத் துண்டித்துப் பார்க்கும் பகுதியில் அது மற்றவர்களைவிடப் பின்தங்குவது வழக்கம். போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டு எப்போதாவது இணைப்புக் கொடுக்கிற வீடு, பென்டிரைவில் வருவதுதான் பெரிய ஆபத்து என்கிற வீடு, இவற்றுக்கு நான் வேறு யோசிப்பேன். ருமேனியாவின் பிட்டிஃபென்டர் இலவசப் பதிப்பு அப்போது என் முதல் தெரிவு. கணக்கு ஒன்று திறக்கச் சொல்லும், அது கொஞ்சம் அலுப்பு. அதன்பிறகு சத்தமில்லாமல் கிடக்கும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் கொஞ்சம் இழுபடும்.

அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, மூன்றுக்கும் முதலாளி ஒருவர் என்பதைத்தான். அவாஸ்ட் 2016ல் ஏவிஜியை வாங்கியது. நோர்ட்டன் அவிராவை வாங்கியது. 2022ல் நோர்ட்டனும் அவாஸ்டும் ஒன்றாகி ஜென் டிஜிட்டல் என்று பெயர் வைத்துக்கொண்டன. அவாஸ்டுக்கும் ஏவிஜிக்கும் உள்ளே இருக்கும் எஞ்சினும் ஒன்றுதான். ஆகவே அவாஸ்டை அழித்துவிட்டு ஏவிஜி போட்டால் மாறுவது நிறம்.

வைரஸைப் பிடிப்பதில் அவை கெட்டிக்காரர்கள், அதில் பிழை சொல்ல இல்லை. இணைப்பு இல்லாத கணினியிலும் நன்றாகப் பிடிக்கும். பிரச்சினை வேறு. உங்கள் கணினியில் இத்தனை குப்பை இருக்கிறது, உங்கள் ஐபி முகவரி எல்லோருக்கும் தெரிகிறது என்று பயமுறுத்திக்கொண்டே காசுப் பதிப்பை விற்கப் பார்க்கும். வயதானவர்கள் இதை வைரஸ் எச்சரிக்கை என்று நினைத்துப் பயந்துபோய் எனக்குப் போன் எடுக்கிறார்கள். அதைவிடப் பெரியது, அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற விபரத்தை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனத்தின் மூலம் விற்றது. 2020ல் பத்திரிகையாளர்கள் அம்பலப்படுத்திய பிறகு ஜம்ப்ஷொட்டை மூடினார்கள். 2024ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டொலர் கட்ட வைத்தது. இப்போது அது முடிந்துபோன விடயம் என்று நீங்கள் சொல்லலாம். என் வீட்டுக் கணினியில் போட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கஸ்பர்ஸ்கியின் இலவசப் பதிப்பைப் பற்றியும் கேட்பார்கள். சோதனைகளில் வருடக்கணக்காக முன்வரிசை. ரஷ்ய நிறுவனம் என்பதால் அமெரிக்கா 2024ல் தன் நாட்டில் விற்பனையையும் அப்டேட்டையும் தடுத்தது. அது அவர்கள் அரசியல், எனக்கென்ன என்பவர்கள் போடலாம். அரச வேலையோ தூதரக வேலையோ வீட்டுக் கணினியில் செய்கிறவர்களுக்கு நான் வேண்டாம் என்பேன்.

மல்வேர்பைட்ஸ் வேறு இனம். அதன் இலவசப் பதிப்பு காவல் நிற்காது, நீங்கள் கூப்பிட்டால் மட்டும் வந்து தேடிவிட்டுப் போகும். சந்தேகம் வந்தால் இரண்டாவது டொக்டரிடம் காட்டுவதுபோல. டிஃபென்டரோடு சண்டை பிடிக்காது. முதல் 14 நாள் காசுப் பதிப்பைச் சும்மா தருவதாகச் சொல்லும், அதைத் தட்டிக்கழித்துவிடுங்கள்.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரே கணினியில் இரண்டு அன்டிவைரஸ், பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையில். ஒரு ஃபைலைத் திறக்கும்போது இரண்டும் அதன்மேல் பாய்கின்றன. ஒன்று சிறைப்பிடித்து வைத்ததை மற்றது வைரஸ் என்று பிடிக்கிறது. கணினி ஊர்கிறது. வெளியாரின் அன்டிவைரஸ் ஒன்று வந்தால் டிஃபென்டர் மரியாதையாக ஒதுங்கிவிடும். ஆனால் வெளியார் இருவர் வந்தால் ஒதுங்க ஆளில்லை. புது லெப்டொப்போடு வரும் தவணை முடிந்த அன்டிவைரஸையும் அழித்துவிடுங்கள், டிஃபென்டர் தானாக எழும்பும்.

பென்டிரைவ் பற்றி ஒரு சொல். கொமியூனிகேஷன் கடையில் டியூட் பிரின்ட் எடுக்கக் கொடுத்துவிட்டு வீட்டில் செருகினால், ஃபைல்கள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருக்கும். பென்டிரைவ் வழியாகப் பரவும் புழு என்கிற வைரஸ் வகையின் வேலை அது. அன்டிவைரஸ் அந்தப் புழுவைக் கொன்றுவிடும். உங்கள் ஃபைல்களோ மறைத்து வைத்தபடியே இருக்கும். அன்டிவைரஸ் தின்றுவிட்டது என்று நினைத்து ஃபோர்மட் அடிக்க வேண்டாம். மறைந்தவற்றைக் காட்டும்படி ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மாற்றினால், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்கள் உட்பட, எல்லாம் அங்கேயே இருக்கும்.

இப்போது நான் சொல்ல விரும்பாத கதை. 2020 ஊரடங்குக் காலம், கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. அங்கே இருந்தது இலவசம் கூட இல்லை, காசு கொடுத்து வாங்கிய நல்ல அன்டிவைரஸ். அன்றைய தேதி வரை அப்டேட். மகனுக்கு வீடியோ எடிட் செய்யும் மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது, உரிமப் பூட்டை உடைத்த கிரேக் பதிப்பை இறக்கினான். அதனோடு வந்த குறிப்பின் முதல் வரி: அன்டிவைரஸை நிறுத்தவும். 10 நிமிடம் நிறுத்தினான்.

நான் போனபோது ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம். 980 டொலர், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி விலை, 490. அன்றைக்கு அது 90,000 ரூபாவுக்கு மேல். ஸ்டொப் என்று அழைக்கப்படும் ரன்சம்வெயார் குடும்பம், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கிற வகை. எம்சிசொஃப்ட் நிறுவனம் அதற்கு இலவசத் திறப்பு ஒன்றை 2019லேயே வெளியிட்டிருந்தது. ஓட்டிப் பார்த்தேன். பூட்டிய சாவி காசு கேட்டவர்களின் சேர்வரிலிருந்து வந்த சாவி, ஆகவே திறக்கவில்லை. தங்கையின் சாமத்திய வீட்டுப் படங்கள் முழுவதும் அதில். பெக்கப் இருந்தது. அந்த எக்ஸ்டேர்னல் டிஸ்க்கும் அந்நேரம் கணினியிலேயே செருகியிருந்தது. வட்ஸப்பில் சொந்தக்காரருக்கு அனுப்பிய நாற்பது சொச்சப் படங்கள் மட்டும் மிஞ்சின, அதுவும் மங்கலாக.

வீட்டை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட்டையே ரன்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான், அந்தக் காலத்துக்குப் பெக்கப் இல்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு வேலை செய்துவிட்டுத்தான் எழும்புவேன். டிஃபென்டருக்குள் 'ரன்சம்வெயார் புரொடெக்ஷன்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 'கொன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்ஸஸ்' என்பது ஒஃப் நிலையில் கிடக்கும், அதை ஒன் செய்வேன். படங்களையும் ஆவணங்களையும் முன்பின் தெரியாத புரோகிராம் தொட வந்தால் தடுக்கும். சில நேரம் நல்ல புரோகிராமையும் தடுத்துத் தொல்லை தரும், அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் சரி. இரண்டாவது, பெக்கப் டிஸ்க்கைக் கழற்றி அலுமாரிக்குள் வைக்கச் சொல்வேன்.

வின்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2025 ஒக்டோபர் 14ஓடு அதன் ஆதரவு முடிந்தது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பெக்கப் செய்தால், 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் நீடிக்கும். அதைப் பதிந்துகொள்ளுங்கள். ஓட்டை அடைக்காத வின்டோஸின்மேல் எந்த அன்டிவைரஸைப் போட்டாலும் பிரயோசனம் குறைவு.

அன்ரியின் லெப்டொப்பில் அக்டிவேட்டரையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் வந்தேன். ஒஃபிஸுக்குப் பதில் லிப்ரே ஒஃபிஸ் போட்டுக் கொடுத்தேன். அப்படியான அக்டிவேட்டர் வாங்கிக் கொடுக்கும் உயிர் 180 நாள்தான், பிறகு அது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க ஆளில்லாததால் சென்ற வாரம் போன் வந்தது.

"தம்பி, திரையின்ர மூலையில வின்டோஸை அக்டிவேட் செய்யச் சொல்லி ஒரு எழுத்து நிக்குது. வைரஸோ?"

"இல்லை அன்ரி. அந்த எழுத்து இல்லாத நேரத்திலதான் வைரஸ் இருந்தது." அது நின்றாலும் டிஃபென்டரும் அப்டேட்டும் வேலை செய்யும், ஆனால் முறைப்படி உரிமம் வாங்கத்தான் வேண்டும் என்று விளங்கப்படுத்தி, விலையையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி தம்பி, அடுத்த மாசப் பென்ஷன் வரட்டும். அதுவரைக்கும் அந்த எழுத்து அங்கேயே இருக்கட்டும்."