பம்ப் ஓடினாலும் அழுத்தம் அசையாத ஓர் இடம்

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "ஹீட்டிங் போட்டதும் பாய்லரின் அழுத்தமானி 3 பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏறுகிறது, வெளிச்சுவரில் இருக்கும் சின்னக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. ராத்திரி ஆறியதும் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் ஏற்றினால் மறுநாளும் இதே கதை. எங்கே ஒழுகுகிறது?"

அனேகமாக எங்கேயும் ஒழுகவில்லை. அங்கே பாய்லர் சூடாக்கும் தண்ணீர் குழாய் வழியே ரேடியேட்டர்களுக்குப் போய் வீட்டைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். பாய்லருக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கும், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் காற்று போயிருக்கும்.

தண்ணீர் சூடானால் விரியும், பள்ளியில் படித்ததுதான். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 3 சதவீதம் விரிகிறது. பாய்லர், குழாய்கள், ரேடியேட்டர்கள் எல்லாம் சேர்ந்து 100 லிட்டர் பிடிக்கும் வீட்டில் கிட்டத்தட்ட 3 லிட்டர் கூடுதல் தண்ணீர் திடீரென்று முளைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இடம் வேண்டும். கொஞ்சமும் நெகிழாத பாத்திரத்தில் 50 டிகிரித் தண்ணீரை அடைத்து இன்னும் ஒரே ஒரு டிகிரி சூடாக்கினால் அழுத்தம் சுமார் 10 பார் ஏறும். நிஜக் குழாய் சற்று நெகிழும், அதனால் அவ்வளவு ஏறாது. ஆனால் அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடுவதற்காக அந்த ஊர் வீடுகளில் இருக்கும் சேஃப்டி வால்வு 3 பாரிலேயே திறந்துவிடும்.

பழைய காலத்தில் பரணில் ஒரு திறந்த தொட்டி வைத்தார்கள். விரிந்த தண்ணீர் மேலே ஏறும், ஆறினால் இறங்கும், அவ்வளவுதான். நம் ஊரில் மொட்டை மாடித் தொட்டி இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது, கீசரில் விரியும் தண்ணீர் வந்த குழாயிலேயே திரும்பித் தள்ளப்படுகிறது. நடுவில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும், அப்போது கீசர் சூடாகும் நேரத்தில் சேஃப்டி வால்வு சொட்டுவது இயல்பு. அந்த வால்வை அடைக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மாடித் தொட்டி தென்மேற்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்து, குளியலறைக்கு எதிர்க்கோடியில் தொட்டியைக் கட்டிக் குழாயை வீடு முழுக்க இழுக்கிறார்கள். தண்ணீரின் அழுத்தத்துக்கு உயரம்தான் கணக்கு, 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார். திசை அதற்குத் தெரியாது. நீளமான குழாயில் ஓடும்போது அந்த அழுத்தத்திலும் கொஞ்சம் உராய்வில் போய்விடுகிறது, நஷ்டம் வீட்டுக்காரருக்குத்தான்.

சரி, திறந்த தொட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும், இரும்பு ரேடியேட்டர்கள் துருப்பிடிக்கும். அதனால்தான் மூடிய டேங்க் வந்தது. இரும்பு உருளை, நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று அல்லது நைட்ரஜன். தண்ணீர் சுருங்காது, காற்று சுருங்கும். அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும் என்ற பாயில் விதியை 1662-லேயே எழுதிவிட்டார்கள், மிச்சம் வெறும் கணக்கு. 12 லிட்டர் டேங்கில் 1 பார் காற்று அடைத்திருக்கிறது, அழுத்தம் 2.5 பார் வரை போகலாம் என்றால், வளிமண்டலத்தின் 1 பாரைச் சேர்த்து 2-லிருந்து 3.5. காற்று 12 லிட்டரிலிருந்து சுமார் 7 லிட்டராகச் சுருங்கும், மிச்ச 5 லிட்டர் தண்ணீருக்கு. நமக்குத் தேவை 3 லிட்டர்தான்.

வருடக்கணக்கில் அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். அப்போது டேங்க் முழுக்கத் தண்ணீர், விரிய இடமே இல்லை, சேஃப்டி வால்வு வழியாகத் தண்ணீர் வெளியேறும், ஆறியதும் அந்த அளவு குறையும், முள் விழும். டேங்கில் கார் டயரில் இருப்பது போன்ற வால்வு ஒன்று இருக்கும், அதை லேசாக அழுத்தினால் தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, டேங்கை மாற்ற வேண்டியதுதான். காற்று வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ தண்ணீர்ப் பக்கத்தின் அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி காற்றடிக்கலாம். பாய்லரின் மூடியைக் கழற்ற வேண்டுமென்றால் முறையாகப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

இனி, இந்த டேங்கில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பாய்லரிலிருந்து ரேடியேட்டர்களுக்குப் போய்த் திரும்பும் குழாய் வளையத்தில் ஒரு பம்ப் ஓடுகிறது. டேங்க் இணைந்திருக்கும் இடத்தில் பம்ப் எவ்வளவு அழுத்தம் கூட்டும்? யோசித்துப் பாருங்கள், விடை பூஜ்யம். அங்கே அழுத்தம் மாற வேண்டுமானால் டேங்கின் காற்று சுருங்க வேண்டும் அல்லது விரிய வேண்டும், அதற்குத் தண்ணீர் உள்ளே போக வேண்டும் அல்லது வெளியே வர வேண்டும். எங்கிருந்து வரும்? வளையம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, பம்ப் தண்ணீரைச் சுற்றிவிடுகிறதே தவிர உண்டாக்குவதில்லை. ஆகவே வெப்பநிலை மாறாதவரை, பம்ப் ஓடினாலும் நின்றாலும் அந்த ஒரு புள்ளியில் முள் அசையாது. அமெரிக்காவின் பெல் அண்ட் காசெட் நிறுவனப் பொறியாளர் கில் கார்ல்சன் 1960-களில் இதைத் தொழில் செய்கிறவர்களுக்குப் புரியும்படி விளக்கினார்.

இதன் விளைவு பெரிது. பம்ப் உறிஞ்சும் பக்கம் டேங்க் இருந்தால், அங்கே அழுத்தம் அப்படியே நிற்கும், பம்ப் தரும் 0.6 பாரும் வெளித்தள்ளும் பக்கத்தில் கூடுதலாக ஏறும். டேங்கை வெளித்தள்ளும் பக்கம் மாற்றினால்? அங்கே ஏற முடியாது, ஆனால் பம்ப் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் 0.6 பார் வித்தியாசம் உண்டாக்கியே தீரும். அதனால் உறிஞ்சும் பக்கம் 0.6 இறங்கும். அந்தப் பக்கத்தில் மேல்மாடிக் குழாயில் வளிமண்டலத்தைவிட 0.5 பார்தான் கூடுதலாக இருந்ததென்றால் அது வளிமண்டலத்துக்கும் கீழே போய்விடும், காற்று வெளியேற்றும் வால்வு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும், ரேடியேட்டரில் குளுகுளுவென்று சத்தம் கேட்கும், எத்தனை முறை காற்றை வெளியேற்றினாலும் திரும்ப வரும். அதே பம்ப், அதே டேங்க், மாறியது இணைத்த இடம் மட்டும்.

ஐடிஐ பிளம்பிங் வகுப்பில் கண்ணாடிக் குழாயும் சின்ன பம்பும் இரண்டு அழுத்தமானியும் வைத்து இதைக் காட்ட அதிகம் செலவாகாது. ஆராய்ச்சிக் கூடங்களுக்கு நிதி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும், அதே குரலில் பயிற்சிக் கூடங்களுக்கும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளிர்விக்கும் அமைப்புக்கும் இதே விதிதான். பெரிய மருத்துவமனைகளின் ஏசியில் சுமார் 7 டிகிரித் தண்ணீர் சுற்றுகிறது. பராமரிப்புக்காக நிறுத்தி அது 30 டிகிரிக்கு வந்தால் 10,000 லிட்டருக்குச் சுமார் 43 லிட்டர் விரியும். அந்த டேங்கையும் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில்தான் இணைக்க வேண்டும்.