சைபர்: ஒரு சொல்லா, மூன்றா?

பரீட்சையில் ஒன்றும் எழுதாமல் தாளை மடித்துக் கொடுத்தவனுக்கு அந்தக் காலத்து வாத்தியார் போட்டது சைபர். வங்கிக் கணக்கில் இருந்த பணம் போய்விட்டால் நாம் புகார் கொடுக்க ஓடுவது சைபர் கிரைம் பிரிவுக்கு. யாராலும் படிக்க முடியாத வாய்னிச் சுவடி என்ற பழைய ஐரோப்பியக் கையெழுத்து நூல் எந்த சைபரில், அதாவது எந்த ரகசிய எழுத்தில், எழுதப்பட்டது என்று நூறு வருடத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மூன்று இடத்திலும் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஆனால் நடுவில் நிற்கும் சைபருக்கு மற்ற இரண்டோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதை முதலில் அனுப்பிவிடுவோம். கப்பலில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1948இல் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 'சைபர்நெட்டிக்ஸ்' என்ற துறைப்பெயரை உருவாக்கினார். அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்ததுதான் சைபர் கிரைமில் வரும் சைபர். தமிழில் 'இணையக் குற்றம்' என்றால் காரியம் முடிந்தது.

மீதி இரண்டும் ஒரே சொல். இந்தியக் கணிதத்தின் சூனியம் அரபிக்குப் போனபோது அங்கே 'வெறுமை' என்ற பொருளில் ஏற்கெனவே இருந்த 'ஸிஃப்ர்' என்ற சொல்லை அதற்கு வைத்தார்கள். சூனியம் என்ற ஒலியே திரிந்து ஸிஃப்ர் ஆனது என்று சிலர் எழுதுகிறார்கள்; அது சரியல்ல, இது மொழிபெயர்ப்பு. அங்கிருந்து சொல் இரண்டாகக் கிளைத்தது. 1202இல் பீசா நகரத்து ஃபிபொனாச்சி அதை இலத்தீனில் 'ஸெஃபிரும்' என்று எழுத, இத்தாலியர் வாயில் தேய்ந்து அது 'ஸீரோ' ஆயிற்று. இன்னொரு கிளை இலத்தீன் 'சிஃப்ரா', பிரெஞ்சு 'ஷிஃப்ர்', ஆங்கில 'சைஃபர்' என்று வந்து நம் வாத்தியார் கையில் சைபராக முடிந்தது. ஆக, ஸீரோவும் சைபரும் அக்கா தங்கை.

சரி, சுழியம் எப்படி ரகசிய எழுத்தாயிற்று? முதலில் 0 என்ற ஒரு குறியின் பெயராக இருந்தது, அதோடு வந்த எல்லா இலக்கங்களுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. ஜெர்மனில் 'ட்ஸிஃபர்' என்றால் இன்றும் இலக்கம்தான். ரோமன் எண்களிலேயே பழகிய ஐரோப்பியருக்கு இந்தப் புது இலக்கங்கள்மேல் நம்பிக்கை வரவில்லை. 1299இல் ஃபிளாரன்ஸ் நாணயமாற்று வணிகர் சங்கம் கணக்கேடுகளில் இவற்றை எழுதக்கூடாதென்றே விதி போட்டது. ரகசியக் கடிதங்களில் எழுத்துக்குப் பதிலாக இலக்கங்களையும் புதுக் குறிகளையும் போடத் தொடங்கியபோது பெயர் அப்படியே அந்த முறைக்கும் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு 'ஷிஃப்ர்' இரண்டு பொருளையும் இன்றும் சுமக்கிறது.

முறை எளிது. மெய்யெழுத்து வரிசையில் ஒவ்வொன்றுக்கும் அடுத்ததைப் போடுங்கள்: 'கதவு' என்பது 'ஙநழு' ஆகிவிடும். பார்த்தால் பயமாக இருக்கும், உடைப்பது சுலபம். ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வருகிறதோ, அதற்குப் பதிலாக வந்த குறியும் அதே அளவு வரும். இதை 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல்-கிந்தி என்ற அறிஞர் எழுதி வைத்துவிட்டார். ஐரோப்பாவில் மாற்று மருந்தும் வந்தது. 1379இல் எதிர்ப் போப் (ரோமில் இருந்த போப்புக்குப் போட்டியாக நின்றவர்) ஏழாம் கிளமெண்டுக்காக கப்ரியேலே தெ லவிந்தே தொகுத்த ரகசியக் குறிப் பட்டியல்களில் பொருளே இல்லாத வெற்றுக் குறிகளும் உண்டு. எதிரியைக் குழப்ப நடுநடுவே செருகுவது, படிப்பவர் தள்ளிவிட்டுப் போக வேண்டியது. ரகசிய எழுத்துக்குள்ளேயே ஒரு சுழியம்! 1401இல் இத்தாலிய நகரமான மாந்துவாவில், எந்தக் குறியும் அதிகம் வந்து காட்டிக்கொடுக்காதபடி, ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் பல குறிகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

இப்போது தமிழ்ச் சொல். 'குழூஉக்குறி' என்று எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. நன்னூல் சொல்லும் குழூஉக்குறி, பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போன்றது. அங்கே முழுச் சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் வருகிறது, எழுத்து எதுவும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'கோட்' என்பதற்கு அது அழகாகப் பொருந்தும், சைபருக்குப் பொருந்தாது. 'மறைமொழி' என்றால் தொல்காப்பியர் தடுக்கிறார்: நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி, மந்திரம். 'மறைநூல்' என்றால் வேதமோ பைபிளோதான் நினைவுக்கு வரும். 'சங்கேத எழுத்து' புழக்கத்தில் இருக்கிறது, குறையில்லை. ஆனால் எழுத்தை எழுத்தால் மறைப்பது என்பதை நேராகச் சொல்வது 'மறையெழுத்து'. நான் அதையே எழுதுகிறேன். அதை உடைப்பது மறைநீக்கம்.

அப்படியானால் வாய்னிச் சுவடி மறையெழுத்துச் சுவடியா? இங்கேதான் சொல்லை எண்ணிப் போட வேண்டும். புத்தக வியாபாரி வில்ஃபிரிட் வாய்னிச் 1912இல் இத்தாலியில் வாங்கிய அந்தச் சுவடி இப்போது யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் இருக்கிறது. கன்றுத்தோல் ஏடுகள், கரிமக் கணக்குப்படி 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டவை. முன்பின் பார்த்திராத செடிகள், பச்சைக் குளத்தில் நிற்கும் பெண்கள், இவற்றைச் சுற்றி யாராலும் படிக்க முடியாத எழுத்து. 4 போன்ற குறி பெரும்பாலும் சொல்லின் முதலில் வருகிறது, அதன் பின்னால் அநேகமாக ஒரு வட்டம். 9 போன்ற குறி பெரும்பாலும் சொல்லின் கடைசியில். மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று இலக்கணம் படித்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே கட்டுப்பாடு மிக அதிகம், ஓர் எழுத்தைப் பார்த்தால் அடுத்ததை ஊகித்துவிடலாம் என்னும் அளவுக்கு. 'கதவை' 'ஙநழை' ஆக்கும் எளிய முறை இந்த ஒழுங்கைக் கூட்டாது, குறைக்கவும் செய்யாது. இலத்தீனிலோ இத்தாலியனிலோ இவ்வளவு ஒழுங்கு கிடையாது. எனவே வழக்கமான இலத்தீனையோ இத்தாலியனையோ எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதினார்கள் என்ற விளக்கம் நிற்கவில்லை.

1921இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் நியூபோல்ட் இந்தச் சுவடியைத் தான் படித்துவிட்டதாக அறிவித்தார். ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் பொடிப்பொடியாகச் சுருக்கெழுத்து இருக்கிறது என்றார். அவர் உருப்பெருக்கியில் பார்த்தது காய்ந்த மையின் வெடிப்புகள் என்று 1931இல் இன்னொரு பேராசிரியரான ஜான் மேன்லி காட்டினார்.

அதனால் இதை 'வாசிக்கப்படாத சுவடி' என்று சொல்வதே சரி. மறையெழுத்து என்றால் எழுதியவர் மறைத்தார் என்று பொருள். அதுவே இன்னும் தெரியவில்லையே. இன்ன மொழி என்று தெரியாமல் நிற்கும் சிந்துவெளி எழுத்துக்கும் இது பொருந்தும்: ஆங்கிலத்தில் அதைப் படிப்பதையும் 'டிசைஃபர்' என்றுதான் சொல்கிறார்கள், நாம் 'மறைநீக்கம்' என்று பெயர்க்காமல் 'எழுத்து வாசிப்பு' என்க. வாய்னிச் சுவடியில் பொருளே கிடையாது, சும்மா கிறுக்கி வைத்தது என்று சொல்கிற கட்சியும் ஒன்று உண்டு. அவர்கள் பக்கம் உண்மை இருந்தால் அதை சைபர் என்று சொல்லிக்கொள்ளலாம், வாத்தியார் போட்ட அந்தப் பொருளில்.