தூங்கப் பயந்தால் இன்னும் வரும்: தூக்க முடக்கமும் கெட்ட கனவுகளும்

விழிப்பு வந்துவிட்டது. அறை தெரிகிறது, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. ஆனால் கையைத் தூக்க முடியவில்லை, கத்திப் பார்த்தால் குரல் எழவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போல ஒரு பாரம். பக்கத்தில் யாரோ நிற்பதாகவும் தோன்றுகிறது. சில நொடிகளோ ஒன்றிரண்டு நிமிடங்களோ போன பிறகு சட்டென்று உடல் விடுபடுகிறது.

இதற்குப் பெயர் ஸ்லீப் பராலிசிஸ், அதாவது தூக்க முடக்கம். மனநல மருத்துவரான என்னிடம் வருகிறவர்கள் இதை முதலில் சொல்லவே மாட்டார்கள். தூக்கம் சரியில்லை, அசதியாக இருக்கிறது என்று பேசிவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகுதான், "டாக்டர், இன்னொண்ணு... சொன்னா சிரிக்கக் கூடாது" என்பார்கள். பேய் அமுக்கியது என்று நினைத்துப் பயந்தவர்கள் பாதி. தனக்கு மனநோய் வந்துவிட்டதோ என்று பயந்தவர்கள் மீதி. இரண்டு பயமும் தேவையில்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பொதுமக்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கும் மாணவர்களில் 28 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருப்பதாகச் சொல்கிறது.

நடப்பது இதுதான். இரவில் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை ரெம் எனப்படும் தூக்கநிலை வரும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டு நிஜமாகவே ஓடிவிடாமலிருக்க, மூளைத்தண்டு கை கால் தசைகளைத் தளர்த்திப் பூட்டி வைக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளும், நெஞ்சுக்குக் கீழே மூச்சை நடத்தும் தசையான உதரவிதானமும் மட்டும் இதற்கு விலக்கு. சில சமயம் நினைவு முந்திக்கொண்டு விழித்துவிடும், பூட்டு இன்னும் திறந்திருக்காது. கனவும் முழுதாகக் கலைந்திருக்காது. அதனால்தான் நிஜமான அறைக்குள் கனவின் ஆள் வந்து நிற்கிறார். அச்சத்தைக் கிளப்பும் மூளைப் பகுதி அந்த நேரத்தில் சுறுசுறுப்பாக இருப்பதால், வருகிற உருவம் பெரும்பாலும் பயமுறுத்துவதாகவே இருக்கும்.

நெஞ்சுப் பாரத்துக்கும் காரணம் உண்டு. ரெம் தூக்கத்தில் விலாத் தசைகளும் தளர்ந்துவிடுவதால் உதரவிதானம் மட்டுமே மூச்சை நடத்துகிறது. நாம் பதறிப்போய் ஆழமாக இழுக்கப் பார்க்கிறோம், மார்பு ஒத்துழைப்பதில்லை. மூச்சு நின்றது போலத் தோன்றினாலும் நிற்பதில்லை, உதரவிதானம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஃபூசெலி என்ற ஓவியர் 1781இல் வரைந்த படத்தில், தூங்கும் பெண்ணின் மார்பில் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கும். அவள் மல்லாந்து படுத்திருப்பதுதான் மருத்துவர் கண்ணுக்குப் படும். மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது.

பாரமும் உருவமும் போய்விடும். மிஞ்சுகிற பயம்தான் தொல்லை. கல்லூரி மாணவர் ஒருவர், இரண்டு முறை இப்படி ஆனதும் இருட்டில் தூங்குவதையே விட்டுவிட்டார். விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை போன் பார்ப்பார், பிறகு வகுப்புக்கு நடுவே எங்காவது கண்ணயர்வார். எப்போதாவது வந்தது இப்போது வாராவாரம் வந்தது. "தூங்காம இருந்தும் வருது டாக்டர்" என்றார். தூங்காமல் இருப்பதால்தான் வருகிறது என்றேன். தூக்கம் குறைந்தாலும் நேரம் தாறுமாறானாலும் ரெம் தூக்கம் வேளை தவறி நுழைகிறது. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் தேர்வு நேர மாணவர்களுக்கும் இது வருவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, அந்த நிமிடத்தில் என்ன செய்வது? போராட வேண்டாம். எழ முயன்று முடியாமல் போகும் ஒவ்வொரு தடவையும் பயம்தான் ஏறும். "இது ஸ்லீப் பராலிசிஸ், தானாகப் போய்விடும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மூச்சை ஆழமாக இழுக்கப் போராடாமல், மெதுவாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். கண்ணை அசைக்கலாம். ஒரு கால் விரலையோ நாக்கு நுனியையோ மட்டும் அசைத்துப் பார்க்கலாம். பக்கத்தில் படுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: முனகல் கேட்டால் பெயரைச் சொல்லித் தோளைத் தொட வேண்டும், பலருக்கு அந்த ஒரு தொடுதலே போதும். விடுபட்டதும் அதே நிலையில் மறுபடி கண்ணை மூடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து ஒருக்களித்துப் படுங்கள்.

மற்றதெல்லாம் பகலில் செய்கிற வேலை. விடுமுறையானாலும் ஒரே நேரத்தில் எழுவதுதான் இதில் முக்கியம் என்பேன். நேரத்துக்குப் படுப்பது அப்புறம் தானாக வரும். மது நன்றாகத் தூங்க வைக்கிறது என்று வாதாடுபவர்கள் உண்டு. அது முன்னிரவில் ரெம் தூக்கத்தை அமுக்கி வைத்து, பின்னிரவில் கொத்தாக அவிழ்த்துவிடும்.

கெட்ட கனவு இதிலிருந்து வேறு. அங்கே விழித்ததும் உடல் அசையும், ஆனால் மனம் அங்கேயே நிற்கும். ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பகலில் எழுதி, விருப்பப்படி மாற்றி, மாற்றிய கனவைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. கேட்பதற்கு விளையாட்டாகத் தெரியும், ஆனால் நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முடிவே இல்லாத படிக்கட்டில் துரத்தப்படுவதாகக் கனவு கண்ட ஒரு பெண்மணி, துரத்துபவனை விரட்டியடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கதவை மட்டும் வைத்தார், உள்பக்கம் தாழ்ப்பாளோடு. மாற்றம் அவரவர் கற்பனையிலிருந்தே வர வேண்டும், நாம் எடுத்துக்கொடுத்தால் ஒட்டுவதில்லை. விபத்து, வன்முறை போன்றவற்றிலிருந்து எழும் கனவுகளுக்கு இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம், சிகிச்சையாளரோடு செய்யுங்கள்.

சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரித்தால் முழங்கால் துவண்டு போவது, இவை நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம். குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பதாக வீட்டார் சொன்னால் அதையும் பரிசோதிக்க வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர் கனவில் அடிப்பதும் உதைப்பதுமாக இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே இப்படித் தொடங்குவதுண்டு. புரோப்ரனலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் சில மனச்சோர்வு மருந்துகளும் கனவுகளைக் கடுமையாக்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் கனவுகள் இன்னும் மோசமாகலாம். கனவுகளோடு வாழப் பிடிக்காத எண்ணமும் சேர்ந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்று கொண்டு வாருங்கள்: எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எந்தப் பக்கம் படுத்திருந்தபோது வந்தது, அன்று என்ன மாத்திரை. முடிந்தால் அதே அறையில் தூங்குபவரையும் கூட்டி வாருங்கள். உங்களுக்குத் தெரியாத பாதிக் கதை அவரிடம் இருக்கும்.