கடல் அனுப்பும் அயோடின்

பூமி தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும் உயிருள்ள அமைப்பு என்றால், அதற்கும் நம் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டன் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக், அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் ஆகிய இருவரும் வளர்த்தெடுத்த கையா கருதுகோளின் சாரம் அதுவே. உயிரினங்களும் காற்றும் கடலும் பாறையும் ஒன்றையொன்று மாற்றியமைத்து, உயிர்வாழ்வுக்கு ஏற்ற நிலையைக் காக்கின்றன என்று அது கூறுகிறது. பூமி முழுவதையும் ஓர் உயிர் என்று கொள்வதற்கு உயிரியலாளர் பலர் உடன்படுவதில்லை; ஆனால் ஒரு மாற்றத்தின் விளைவே திரும்பி வந்து அந்த மாற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் தனித்தனிப் பின்னூட்டங்கள் இயங்குவதில் ஐயமில்லை. அவற்றுள் என்னை மிகவும் வியக்கவைப்பது அயோடினின் பயணம்.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. அது குறைந்தால் தைராய்டு சுரப்பி வீங்கிக் கழலை தோன்றும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். மழையும் பனியாறுகளும் மண்ணிலுள்ள அயோடினைத் தொடர்ந்து அரித்துக் கடலில் சேர்த்துவிடுவதால், அது நிலத்துக்குத் திரும்பி வர ஒரு வழி இருந்தாக வேண்டும். அந்த வழிக்கான தடயம் ஒன்று கிடைத்தது இப்படித்தான்: லவ்லாக் 1971-இல், தாமே உருவாக்கிய நுண்ணுணர் கருவியுடன் ஷாக்கில்டன் என்ற ஆய்வுக் கப்பலில் பயணம் செய்து, கடற்காற்றில் மெத்தில் அயோடைடு என்ற அயோடின் அடங்கிய வாயு இருப்பதைக் கண்டார். அதே பயணத்தில் அவர் அளந்த, குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களே, ஓசோன் படலம் சிதைவது குறித்து 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் விடுத்த எச்சரிக்கைக்குத் தூண்டுதலாயின. உடனடிப் பயன் தெரியாத அளவீடுகளுக்கு நிதி மறுப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மெத்தில் அயோடைடு கதையின் சிறு பகுதிதான் என்பது பின்னர் தெரியவந்தது. கடல்நீரில் அயோடின் இரு வடிவங்களில் உள்ளது: ஆக்சிஜன் சேர்ந்த அயோடேட், அது நீங்கிய அயோடைடு. ஆக்சிஜன் நிறைந்த மேற்பரப்பு நீரில் வேதியியல் விதிப்படி அயோடேட்டே நிலைத்திருக்க வேண்டும். ஆயினும் அங்கே அயோடைடு கணிசமாகக் காணப்படுவதற்கு நுண்ணுயிர்களின் செயலே பெரும்பாலும் காரணம். காற்றிலுள்ள ஓசோன் நீர்ப்பரப்பைத் தொட்டதும் இந்த அயோடைடுடன் வினைபுரிய, ஹைப்போஅயோடஸ் அமிலமும் அயோடின் மூலக்கூறுகளும் காற்றில் வெளியேறுகின்றன. சூரிய ஒளி அவற்றை உடைக்கிறது. விடுபட்ட அயோடின் அணுக்கள் காற்றிலுள்ள ஓசோனையே தாக்கி அழிக்கின்றன. ஓசோன் கூடினால் அயோடின் கூடுகிறது. அயோடின் கூடினால் ஓசோன் குறைகிறது. மிஞ்சிய அயோடின் மழையோடு நிலத்தில் இறங்கி, பயிர் வழியாக நம் தைராய்டைச் சென்றடைகிறது. வானுயரத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன், நாம் சுவாசிக்கும் மட்டத்தில் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது என்பதால் இந்தக் கட்டுப்பாடு நமக்கு இருமடங்கு நன்மை.

இதில் எங்கும் நோக்கமோ கருணையோ சினமோ இல்லை. கொள்ளைநோய்களைப் பூமி தரும் தண்டனை என்று பேசுவது, இந்த அழகிய வேதியியலை மூடநம்பிக்கையால் மறைப்பதாகும். பின்னூட்டத்துக்கு எல்லையும் உண்டு. ஆல்ப்ஸ், கிரீன்லாந்து பனிப்படிவுகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அயோடின் ஏறத்தாழ மும்மடங்காகியுள்ளது. அப்படியிருந்தும் தரைமட்ட ஓசோன் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. வாகனங்களும் ஆலைகளும் உமிழும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிந்து அதைப் புதிதாக உருவாக்கும் வேகத்துக்குக் கடலின் அயோடின் ஈடுகொடுக்க முடிவதில்லை.