மீட்டரில் 9 வோல்ட், கிற்றார் கம்பியில் 230

போன கிழமை பரந்தன் பக்கமிருந்து ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பெடியனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். இடக்கை விரல்களில் விறைப்பு இன்னும் மாறவில்லை. கீழ் உதட்டில் உழுந்தளவில் ஒரு கறுத்த புண். ஆஸ்பத்திரியில் ஓரிரவு வைத்திருந்து, இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். தாயின் கையிலிருந்த உரப்பைக்குள் ஒரு பிஸ்கற் டின், அதற்குள் அவன் தானே செய்த ஃபஸ் பெடல், கிற்றார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி.

"அண்ணை, இது எரிஞ்சுபோச்சுதோ, இல்லாட்டி இதுதான் இவனை எரிச்சதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

டின்னைத் திறந்தேன். பெடியனின் கைவேலையில் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஈயம் ஒவ்வொரு முனையிலும் மினுமினுவென்று வடிவாக உட்கார்ந்திருந்தது. பழைய றேடியோவில் கழற்றிய இரண்டு ட்ரான்சிஸ்டர்கள், 33 கிலோ ஓம், 8.2 கிலோ ஓம், 100 கிலோ ஓம் எல்லாம் அதனதன் இடத்தில். பற்றரி இருக்கவேண்டிய மூலையில் மட்டும் வேறொரு சின்னப் போர்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தான். 105 என்று, அதாவது 1 மைக்ரோ ஃபரட் என்று எழுதிய கபில நிறக் கொண்டென்சர் ஒன்று, நாலு டயோட், வோல்ட்டைக் கட்டிவைக்கும் சீனர் டயோட் ஒன்று. சார்ஜ் போடும் மலிவு டோர்ச் லைற்றுக்குள் இருக்கும் அதே போர்டு. அதிலிருந்து இரண்டு வயர் நேரே சுவர் பிளக்குக்குப் போகிறது.

இந்த வருடத்தில் இது எனக்கு நான்காவது. முதல் மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை, திட்டி அனுப்பினேன். இந்தப் பிள்ளையின் உதட்டைப் பார்த்த பிறகு திட்டினால் மட்டும் போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நாலு பேரும் சொன்னது ஒரே வசனம்: "மீட்டர் வைச்சுப் பாத்தனான் அண்ணை, 9 வோல்ட்தான் காட்டினது. 9 வோல்ட் என்ன செய்யும்?"

மீட்டர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விதான் பிழை. மீட்டரின் இரண்டு முனைகளையும் போர்டின் பிளஸ்ஸிலும் மைனஸ்ஸிலும் வைத்தால், அந்த இரண்டு வயருக்கும் இடையில் எவ்வளவு என்று மட்டும்தான் அது சொல்லும். உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் நிலத்துக்கும் அந்த வயருக்கும் இடையில் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவே இல்லையே.

இரணைமடுக் குளக்கட்டில் ஒரு முக்காலியை வைத்து ஏறி நில்லுங்கள். கட்டுக்கும் முக்காலிக்கும் ஒரு அடி. அளந்து பார்த்தாலும் ஒரு அடிதான். வயல் பக்கம் சரிந்து விழுந்தால் ஒரு அடியா விழுவீர்கள்? அந்த டோர்ச் போர்டின் 9 வோல்ட் என்பது முக்காலியின் உயரம். முக்காலி எதன் மேல் நிற்கிறது என்பதே கேள்வி.

இன்னும் கேளுங்கள். அந்தப் பிளக் இரண்டு முள் உள்ளது. ஒரு பக்கமாகக் குத்தினால் போர்டின் மைனஸ், நிலத்தோடு சேர்ந்த நியூற்றல் வயரோடு ஒட்டி நிற்கும். முக்காலி வயல் தரையில் நிற்பது மாதிரி, தொட்டாலும் பெரிதாகத் தெரியாது. திருப்பிக் குத்தினால் அதே மைனஸ், டயோட் ஒன்றின் வழியாக நேரே 230 வோல்ட் உள்ள லைவ் வயரோடு சேரும். நடுவில் அந்தக் கொண்டென்சர்கூட இல்லை. "ரெண்டு கிழமை வாசிச்சனான், ஒண்டும் செய்யேல்லை" என்று இந்தப் பெடியன் சொன்னது உண்மை. அந்த இரண்டு கிழமையும் பிளக் நல்ல பக்கமாக இருந்தது. கறன்ட் அடித்த அன்றைக்கு, அவன் வாசித்த மண்டபத்தில் யாரோ அதைக் கழற்றி மின்விசிறிக்கு இடம் விட்டு, பிறகு திருப்பிக் குத்தியிருக்கிறார்கள்.

கொண்டென்சர்தான் கறன்டைக் குறைத்துவிடுமே என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 1 மைக்ரோ ஃபரட், 50 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 3200 ஓம். 230 வோல்ட்டில் அது 70 மில்லி ஆம்பியருக்கு மேல் விடும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரில் விழவேண்டும் என்று வைத்திருப்பது, அதற்கு மேல் போனால் இதயம் தாளம் தவறலாம் என்பதால்தான். ஆக, நல்ல பக்கம் என்று நான் சொன்னதும் நல்ல பக்கம் இல்லை. ஒரு டயோட் பழுதானால் போதும். கெட்ட பக்கத்தில், ஈரமான உடம்பை 2000 ஓம் என்று எடுத்தால் 115 மில்லி ஆம்பியர். அந்த மண்டபத்தில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தவிர்த்து நேரடியாக வயர் தொடுத்திருந்தார்கள். இதைச் செய்தவருக்கு வேலை தெரியும் என்பதுதான் எனக்குப் பெரிய கோபம்.

மற்றச் சாமானைவிடக் கிற்றாரில் இது ஏன் மோசம்? கிற்றாரின் கம்பிகளை, இரைச்சல் வராமலிருக்க, வேண்டுமென்றே உள்ளே எர்த் வயரோடு தொடுத்திருக்கிறார்கள். அந்த எர்த், கேபிளைச் சுற்றியுள்ள வெளிக் கம்பி வலை வழியாகப் பெடல் டின்னுக்கு வருகிறது. டின்னின் எர்த் உங்கள் டோர்ச் போர்டின் மைனஸ். அப்படியென்றால் ஆறு கம்பியும் லைவ். இடக்கை கம்பியை அழுத்திப் பிடித்திருக்கிறது, உதடு மைக்கில். மைக் மிக்சர் வழியாக நிலத்தோடு. கறன்ட் கையால் ஏறி நெஞ்சைக் கடந்து வாயால் போகிறது. கோயில் மேடையிலும் தேவாலயத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற சனம் நாங்கள். மார்கழி மழையில் சீமெந்துத் தரை குளிர்ந்து ஈரமாக இருக்கும். நண்பன் ஒருவன் பிளக்கை வயரோடு பிடுங்கி எறிந்ததால் இந்தப் பிள்ளை இருக்கிறான்.

சரி, ஏன் சுவர்க் கறன்டுக்குப் போனாய் என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னான். இரண்டும் பிழையான காரணங்கள்.

ஒன்று, "பற்றரி கெதியில முடியுது." முடியாது தம்பி. இரண்டு ட்ரான்சிஸ்டர் ஃபஸ் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான் குடிக்கும். நல்ல 9 வோல்ட் அல்கலைன் பற்றரியில் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வாசித்தாலும் மாதக்கணக்கில் வரும். 1962 இல் வந்த மேஸ்ட்ரோ எஃப்.இசட் 1 தான் கடையில் வாங்கக்கூடியதாக வந்த முதல் ஃபஸ் பெடல். அது ஓடியது 1.5 வோல்ட் பற்றரி இரண்டில், மொத்தம் 3 வோல்ட். 1966 இல் லண்டனில் ஆர்பிட்டர் விட்ட ஃபஸ் ஃபேஸ், இந்தப் பெடியன் செய்ததன் தாய்ச் சுற்று, 9 வோல்ட் பற்றரி ஒன்றில் மட்டும் ஓடியது; அடப்டர் குத்த அதில் துளையே இல்லை. இவனுடைய பற்றரி முடிந்ததற்குக் காரணம், கிற்றார் கேபிள் குத்துகிற சொக்கற்றை இரண்டு முனை உள்ள மோனோவாகப் போட்டதுதான். மூன்று முனை உள்ள ஸ்டீரியோ சொக்கற் போட்டு, பற்றரியின் எர்த் பக்க வயரை அதன் நடு வளைய முனையில் ஒட்டுங்கள். கேபிளைக் குத்தினால் மட்டும் பெடல் உயிர்க்கும், கழற்றினால் பற்றரி ஓய்வெடுக்கும். இவன் இரவு பகலாகத் திறந்துவிட்ட பைப் மாதிரி விட்டிருக்கிறான்.

எங்கள் ஊருக்குப் பற்றரியே வராத காலம் ஒன்று இருந்தது. போர்க்காலத் தடைப் பட்டியலில் பற்றரி இருந்த வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் வன்னிச் சனம். நான் ஈயக்கோல் பிடிக்கப் பழகியதும் அப்போதுதான். இல்லாததை இருப்பதால் செய்கிற அந்தக் கைப்பழக்கத்தை இந்தப் பிள்ளைகளிடம் பார்க்கும்போது எனக்கு உண்மையில் சந்தோஷம். ஆனால் அந்த டைனமோ 6 வோல்ட். அதற்குப் பின்னால் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

இரண்டாவது காரணம்: "சத்தம் தேனீ இரைஞ்ச மாதிரி வந்தது அண்ணை. பவர் காணாதெண்டு நினைச்சன்."

இது பவர் விடயமே இல்லை. கேபிளுக்குப் பதிலாக, இணையத்தில் வாங்கிய ஒரு வயர்லெஸ்ஸைக் கிற்றாருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவில் போட்டிருந்தான். ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் தனக்கு முன்னால் ஒரு பிக்கப்பை, அதாவது கிற்றார் கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் சுருளை, எதிர்பார்க்கிறது. பிக்கப்பின் சுருளும் அந்தச் சுற்றின் ஒரு பாகம். சுருளின் தூண்டலை ஹென்றியில் அளப்பார்கள்; ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்று 2.5 ஹென்றி என்று வையுங்கள். 1000 ஹேர்ட்ஸில் அது 16 கிலோ ஓம் அளவுக்குத் தடுக்கும், 4000 இல் 63 கிலோ ஓம். பெடலின் வாசலோ சில கிலோ ஓம் மட்டும். ஆகவே கீச்சுச் சத்தம் வாசலிலேயே மடங்கிவிடும், மிச்சம்தான் அந்தத் தடித்த, உருண்ட சத்தம். கிற்றாரின் வொலியூமைக் கொஞ்சம் குறைத்தால் ஃபஸ் தெளிவதும் இதனால்தான். வயர்லெஸ், பஃபர் (சிக்னலைப் பலப்படுத்தும் சுற்று) உள்ள ட்யூனர், கீபோர்ட், எதை முன்னால் போட்டாலும் அந்தத் தடை போய்விடும். பிறகு தேனீதான்.

முதல் வைத்தியம், கேபிளை நேரே குத்துவது. வயர்லெஸ் வேண்டும் என்று அடம்பிடித்தால் பிக்கப்பின் குணத்தைப் பாவனை செய்யும் சின்னச் சுற்று ஒன்று போதும். கறன்டே தேவையில்லை. பழைய பொக்கற் றேடியோவின் ட்ரைவர் ட்ரான்ஸ்போமர் ஒன்றை எடுத்து அளந்தேன், ஒரு சுருள் 2.8 ஹென்றி காட்டியது. மற்றச் சுருளை ஒன்றோடும் தொடாமல் விட்டுவிட்டு, இந்தச் சுருளைச் சிக்னல் வழியில் தொடராகப் போட்டேன். கூடவே 5.6 கிலோ ஓம் ஒன்று, அதற்குப் பிறகு எர்த்துக்கு 470 பிக்கோ ஃபரட். அவ்வளவுதான். பெடியன் என் மேசையிலேயே இருந்து, பற்றரி போட்டு, வயர்லெஸ் வழியாக ஒரு சுரத்தை இழுத்தான். முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். இதற்காகவா 230 வோல்ட்டைப் பிடித்தாய் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டுச் சுருள் தேடி ட்யூப் லைற் சோக்கையும் அடப்டரையும் உடைக்காதீர்கள். சிக்னலுக்கான ட்ரான்ஸ்போமர் வேறு, மின்சாரத்துக்கானது வேறு. அந்தச் சின்ன ட்ரான்ஸ்போமரையும் அம்ப்ளிஃபயரின் பவர் ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் வைத்தால் 'ம்ம்ம்' என்று இரையும். தள்ளி, தகரப் பெட்டிக்குள் வையுங்கள்.

பழைய ஃபஸ்களில் வரும் ஜெர்மானிய ட்ரான்சிஸ்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தினமும் கேட்கிறார்கள். ஏசி 128 என்று மேலே அச்சடித்திருந்தால் மட்டும் அது நல்லதல்ல. 9 வோல்ட்டில், ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 2.4 கிலோ ஓம் வைத்து, பேஸ் காலை ஒன்றிலும் தொடாமல் விட்டு அந்தத் தடையின் வோல்ட்டைப் பாருங்கள். அது கசிவு. பிறகு பேஸ்ஸுக்கு 2.2 மெகா ஓம் வழியாகக் கறன்ட் கொடுத்து மறுபடி பாருங்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் உண்மையான கெயின், அதாவது பெருக்கும் அளவு. பெடலின் முதல் ட்ரான்சிஸ்டரின் கெயின் 70 ஐயும் இரண்டாவதினது 120 ஐயும் ஒட்டி இருந்தால் போதும். சூடு பத்துப் பாகை ஏறினால் கசிவு ஏறத்தாழ இரட்டிக்கும். எங்கள் சித்திரை வெயிலில் மேடையில் கிடந்த பெடல் பின்னேரம் மூச்சு முட்டினால் ட்ரான்சிஸ்டரைக் குறை சொல்லாமல் நிழலில் வையுங்கள். பிசி 108 போன்ற சிலிக்கன் போட்டுத்தான் பிறகு வந்த ஃபஸ் ஃபேஸ்களையே செய்தார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. பழைய ஜெர்மானியச் சுற்றில் எர்த் பிளஸ் பக்கம் இருக்கும். அதையும் மற்றப் பெடல்களையும் ஒரே அடப்டரில் கோர்த்தால் கேபிளின் வலை வழியாகப் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் முட்டும், அடப்டர் கொதிக்கும். அதற்குத் தனிப் பற்றரி போடுங்கள்.

சுவர்க் கறன்ட் பெடல் பெட்டிக்குள் வரவே கூடாது. எந்த வடிவத்திலும். அடப்டர்தான் வேண்டுமென்றால் ட்ரான்ஸ்போமர் உள்ள, நல்ல கடையில் வாங்கிய 9 வோல்ட் அடப்டர், நடு முனை மைனஸா பிளஸ்ஸா என்று பார்த்து. டோர்ச், நுளம்பு பற், எல்.ஈ.டி பல்ப், இவற்றின் போர்டுகளைக் கழற்றிப் பாவிப்பதை இன்றோடு விடுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் ஏன் விழுகிறது என்று தேடுங்கள், அதைத் தவிர்த்து வயர் தொடுக்காதீர்கள். ஜெனரேற்றரில் மேடை போடுகிறவர்கள் எர்த் கம்பியை நிலத்தில் அடித்த பிறகு மிக்சரைப் போடுங்கள். கம்பி சுர்ரென்று கடித்தால் அடுத்த பாட்டு வேண்டாம், பிளக்கைப் பிடுங்குங்கள். யாராவது ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிற்பாட்டுங்கள்.

அந்த டோர்ச் போர்டைக் கழற்றிப் பெடியனின் கையில் கொடுத்து, கட்டரால் நடுவே வெட்டச் சொன்னேன். தாய்க்கு முன்னால் வெட்டினான்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வருகிறது, அதற்குப் பிறகு ஊரூராக மேடைகள். அதற்கு முதல், வீட்டில் செய்த பெடல் வைத்திருக்கிற தம்பி தங்கச்சிமார் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். எனக்குத் தூரமென்றால் உங்கள் ஊரில் றேடியோ திருத்துகிற யாரிடமாவது காட்டுங்கள். நான் காசு வாங்கமாட்டேன், ஏச்சும் கிடையாது. மூடியைப் பூட்டாமல் கொண்டுவாருங்கள்.