சார்ஜென்ட்டின் சட்டைக் கையை வாசிப்பது எப்படி?

ஆயிரம் பேர் ஒரே நிறச் சட்டையில் நிற்கிறார்கள். யார் சொன்னால் யார் கேட்க வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தாக வேண்டும். சண்டை நடக்கும் இடத்தில் நின்று விசாரிக்க நேரம் இருக்காது.

அதற்காகத்தான் பிரிட்டிஷ் தரைப்படை 1802இல், பதவியைக் காட்டச் சட்டைக் கையில் 'வி' வடிவப் பட்டைகளைக் கொண்டுவந்தது. இன்று அங்கே, சிப்பாய்க்கு மேலே படிப்படியாக வரும் பதவிகளில், லான்ஸ் கார்ப்பரலுக்கு ஒன்று, கார்ப்பரலுக்கு இரண்டு, சார்ஜென்ட்டுக்கு மூன்று. பட்டையின் கூர்முனை கீழே பார்க்கும். சார்ஜென்ட்டுக்கு இணையான இந்திய ஹவில்தாரின் மூன்று பட்டைகளும் அப்படித்தான். அமெரிக்கத் தரைப்படையில் முனை மேலே இருக்கும்.

அமெரிக்க முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சார்ஜென்ட் ஆன பிறகு எத்தனை படி உயர்ந்தாலும் அந்த மூன்று பட்டைகள் போவதில்லை; அவற்றுக்குக் கீழே வளைவுகள் சேர்ந்துகொண்டே போகும். ஒரு வளைவு ஸ்டாஃப் சார்ஜென்ட். இரண்டு சார்ஜென்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ். மூன்று மாஸ்டர் சார்ஜென்ட். மூன்று வளைவோடு நடுவில் வைர வடிவம் இருந்தால் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட், நட்சத்திரம் இருந்தால் சார்ஜென்ட் மேஜர். நேற்று சேர்ந்த சிப்பாய்கூட, எது பெரிய பதவி என்று ஊகித்துவிடலாம். விழாச் சீருடையின் இடது முன்கையில் சாய்வான கோடுகளும் உண்டு. ஒரு கோட்டுக்கு மூன்று வருட சர்வீஸ்.

சரி, இவ்வளவு அனுபவம் உள்ளவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? பெரும்பாலும் தன்னைவிட மிக இளையவரான ஒரு லெஃப்டினன்ட்டுக்கு, அதாவது தொடக்க நிலை அதிகாரிக்கு. முப்பது, நாற்பது பேர் கொண்ட பிளாட்டூன் என்ற படைப்பிரிவில் முடிவெடுக்கும் அதிகாரம் லெஃப்டினன்ட்டுடையது. தோட்டா எவ்வளவு மிச்சம், யார் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, யார் காலில் புண்ணை மறைத்துக்கொண்டு நடக்கிறான் என்பதெல்லாம் சார்ஜென்ட்டுக்குத்தான் தெரியும். திட்டம் சரியில்லை என்றால் லெஃப்டினன்ட்டைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்வார். அப்புறம் உத்தரவு வந்துவிட்டால், சிப்பாய்கள் முன்னால் அது சார்ஜென்ட்டின் உத்தரவும்தான்.

இந்தப் பொறுப்பு அமெரிக்காவில் எழுத்தில் வந்தது 1779இல், சுதந்திரப் போரில் அமெரிக்கப் படைக்குப் பயிற்சி கொடுத்த பிரஷ்ய அதிகாரி வான் ஸ்டூபன் தயாரித்த படை விதிமுறைகளில். கம்பெனியில் (பிளாட்டூனைவிடப் பெரிய படைப்பிரிவு) உள்ள ஒவ்வொருவரின் பெயர், வயது, உயரம், பிறந்த ஊர் எல்லாம் எழுதிய ஏட்டை ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் வைத்திருக்க வேண்டும் என்றது அது. ஆளைத் தெரிந்துவைத்திருப்பதே அன்றைக்கும் முதல் வேலை.

1966இல் இந்த ஏணியின் உச்சியில் தரைப்படை முழுவதற்கும் ஒரே ஒரு சார்ஜென்ட் மேஜர் பதவியை உண்டாக்கினார்கள். அதில் முதலில் அமர்ந்தவர் வில்லியம் வூல்ட்ரிஜ். இந்தப் பதவியில் இருப்பவர் எந்தப் படையையும் நடத்துவதில்லை. சிப்பாய்களின் பயிற்சி, குடியிருப்பு, குடும்ப நிலைமை பற்றித் தலைமைத் தளபதியிடம் நேரடியாகப் பேசுவதுதான் அவர் வேலை.