பழைய பயனெட்டைப் படிப்பது எப்படி?

துப்பாக்கியின் முனையில் மாட்டுகிற கத்திதான் பயனெட். பழைய சாமான்களுக்கு நடுவே அப்படி ஒன்று கிடைத்தால், எல்லோரும் முதலில் தேடுவது வருடத்தை. பிரிட்டிஷ் பயனெட் என்றால் பெரும்பாலும் கைப்பிடியை ஒட்டிய தட்டையான பகுதியில் ஒரு கிரீடம், அதன் கீழே '1907' என்று பொறித்திருக்கும். உடனே '1907-ல் செய்த கத்தி' என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அது '1907 மாதிரி' என்று அந்த வடிவத்துக்குப் பிரிட்டிஷ் ராணுவம் வைத்த பெயர். 1917-ல் செய்த கத்தியிலும் அதே 1907தான் இருக்கும்.

அதனால், எழுத்தைப் படிக்கும் முன் ஸ்கேலை எடுப்பதே நல்லது என்பேன். முத்திரை தேயும், போலியாகவும் அடிக்கலாம். ஆனால் ஒரு பயனெட்டின் அளவைத் தீர்மானிப்பது அது மாட்ட வேண்டிய துப்பாக்கி.

1907 மாதிரியின் அலகு, அதாவது கைப்பிடி நீங்கலான கத்திப் பகுதி, 17 அங்குலம், ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். கைப்பிடியோடு சேர்த்தால் சுமார் 55. இந்த நீளத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய நீண்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கி 49.5 அங்குலம். புதிய குட்டை லீ-என்ஃபீல்டு 44.5 தான். எதிரியின் துப்பாக்கி நீளமாக இருந்தால் நம் வீரனுக்கு எட்டாதே என்ற கவலை வந்தது. குறைந்த 5 அங்குலத்தைக் கத்தியில் ஈடுகட்டினார்கள்: 12 அங்குலம் 17 ஆனது. வடிவத்துக்கு ஜப்பானின் அரிசாகா பயனெட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

அலகின் பக்கவாட்டில் ஓடும் பள்ளத்தை 'ரத்தம் வடிகிற வாய்க்கால்' என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. கட்டடத்தில் போடுகிற இரும்பு உத்தரத்தைப் பாருங்கள். நடுவில் ஒடுங்கி, ஓரங்களில் தடித்திருக்கும். வளைவை எதிர்ப்பதில் ஓரத்து இரும்புக்குத்தான் வேலை அதிகம். நடுவில் கொஞ்சம் எடுத்துவிட்டால் எடை குறையும், விறைப்பு அவ்வளவாகக் குறையாது. பள்ளம் இருப்பது அதற்காக.

அப்புறம் வளையம். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறுக்காக நிற்கும் இரும்புத் துண்டுதான் குறுக்குக் காப்பு. அதில் இருக்கும் இந்த வளையத்தின் உள்விட்டம்தான், என்னைக் கேட்டால், கத்தியின் கைரேகை. 1907 மாதிரியில் அது சுமார் 16.5 மில்லிமீட்டர், வெர்னியர் காலிப்பர் இருந்தால் ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். குட்டை லீ-என்ஃபீல்டில் இந்த வளையம் துப்பாக்கிக் குழாயின் மேல் ஏறாது. குழாய்க்குக் கீழே முன்மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டையான குமிழில்தான் மாட்டும். கத்தி குழாயைத் தொடுவதே இல்லை.

இதற்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு. 1913 மாதிரி பயனெட்டை அமெரிக்காவில் ரெமிங்டனும் வின்செஸ்டரும் செய்தார்கள். அதே 17 அங்குலம், கிட்டத்தட்ட அதே தோற்றம். ஆனால் அது வேறொரு துப்பாக்கிக்கானது. அதன் வளையம் குழாயின் மேலேயே ஏறும். ஒன்றின் கத்தி மற்றதில் பொருந்தாது. ஒரே ராணுவத்தில் இரண்டும் கலந்தால் என்ன ஆகும்? அதற்காக 1913 மாதிரியின் மரப்பிடியில் குறுக்காக இரண்டு ஆழமான கோடுகள் வெட்டினார்கள். இருட்டில் தடவினாலே தெரிந்துவிடும். பிறகு அமெரிக்க ராணுவமே அந்தத் துப்பாக்கியைத் தன் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி 1917-ல் எடுத்துக்கொண்டது. குழப்பத்துக்கே இடமில்லாத அந்த நாட்டிலும் அந்த இரண்டு கோடுகள் அப்படியே தொடர்ந்தன!

சரி, இனி முத்திரைகள். கிரீடத்தின் கீழே 'ஜி.ஆர்.' இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ்; 'இ.ஆர்.' என்றால் ஏழாம் எட்வர்டு, அதாவது 1910 அல்லது அதற்கு முந்தைய கத்தி. 1907-க்குக் கீழே சிறிய எண்களில் உண்மையான தேதி இருக்கும்: '5 17' என்றால் 1917 மே. அதன் கீழே வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன் என்று செய்தவர் பெயர். மறுபக்கத்தில் காக்கைக்கால் போன்ற அம்புக்குறி, அரசாங்கச் சொத்து என்பதற்கு. பெருக்கல் குறி ஒன்றும் இருக்கும். அலகை வளைத்துப் பார்த்து, அது நேராகத் திரும்பியது என்பதற்கான சான்று.

அளவையும் முத்திரையையும் ஒன்றோடு ஒன்று மோதவிட்டால் கத்தியின் வாழ்க்கையே தெரியவரும். ஆரம்ப கால 1907 பயனெட்டுகளில் குறுக்குக் காப்பின் கீழ்முனை கொக்கிபோல் வளைந்திருக்கும். 1913-ல் அதைக் கைவிட்டு, திரும்பி வந்தவற்றிலும் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். ஆகவே கொக்கி உள்ள கத்திக்கு விலை அதிகம், போலியும் அதிகம். கொக்கி இருக்கிறது, தேதி 1917 என்கிறது என்றால் யாரோ பின்னால் ஒட்டவைத்தது. கைப்பிடியின் முனையில் உள்ள சிறு துளை 1916-ல் வந்தது. துப்பாக்கியோடு பொருந்துவதற்காகக் கைப்பிடி முனையில் வெட்டிய காடிக்குள் சேறு அடைத்துக்கொண்டால் துப்பாக்கியில் கத்தி உட்காராது. அதைத் தள்ளி வெளியேற்றவே இந்தத் துளை. 1911 தேதியுள்ள கத்தியில் துளை இருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை, பிற்பாடு பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது.

இந்தியாவில் கிடைப்பவற்றில் அலகு பெரும்பாலும் 12 அங்குலமாக இருக்கும். 'ஆர்.எஃப்.ஐ.' என்ற எழுத்துகளைத் தேடுங்கள். வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. நீளக் கத்திகளை அங்கே 12 அங்குலமாக வெட்டினார்கள். பிறகு பள்ளமே இல்லாமல் புதிதாகவும் செய்தார்கள். ஆனால் 1888, 1903 மாதிரிகளுக்கும் 12 அங்குலம்தான். அவற்றின் அலகில் இரண்டு பக்கமும் கூர் இருக்கும், நடுவில் முதுகெலும்பு போல மேடு ஓடும். அதனால் குழப்பம் வராது.

ஒன்றே ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: துருவைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. முத்திரையின் ஆழம் மிகக் கொஞ்சம். பளபளப்போடு சேர்ந்து தேதியும் போய்விடும். எண்ணெயில் நனைத்த துணி போதும். எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸ் பொடியை மெதுவாகத் தடவித் துடையுங்கள். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் தங்கிய வெள்ளையில் எண்கள் எழுந்து நிற்கும்.